உப்புக் காற்றில் ஒரு கணினிப் பெட்டி

(செங்கல்பட்டில் நூலக வாசகர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இருக்கும் இந்தப் பெட்டியை நீங்கள் எல்லோரும் "சிபியு" என்பீர்கள். எங்கள் தொழிலில் கேபினெட் என்போம். உண்மையில் சிபியு என்று சொல்லத்தக்க பொருள் இதற்குள், ஒரு விசிறிக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் ஊர் வாயில் பெட்டி முழுவதற்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நான் அதைத் திருத்த வரவில்லை. இதை உங்கள் முன் திறந்து, உள்ளே என்னென்ன இருக்கின்றன, நம் கடற்கரையில் அவை எப்படி நோய்வாய்ப்படுகின்றன, எப்படிப் பிழைக்கின்றன என்று காட்டத்தான் வந்திருக்கிறேன்.

இது மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தின் அலுவலக அறையில் 2003 முதல் உழைத்த பெட்டி. பென்டியம் 4, 2.4 கிகாஹெர்ட்ஸ். ராம் 256 எம்பி. ஹார்டு டிஸ்க் 40 ஜிபி. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போன் இதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அந்தப் போனைத் திறக்க உங்களுக்குக் கை வராது. இதை ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவரால் கால் மணி நேரத்தில் பிரித்துப் போட்டு, அடுத்த கால் மணி நேரத்தில் கோத்துவிடலாம்.

கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், உள்ளே செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கமும் கால் நூற்றாண்டாகக் கணினி பழுது பார்த்து வருகிறேன். ஒன்றை உறுதியாகச் சொல்வேன். "செத்துப்போச்சு சார்" என்று என் கைக்கு வந்த பழைய பெட்டிகளில் பெரும்பாலானவை சாகவே இல்லை. எங்கோ ஓர் இணைப்பு விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். அதைத் தேடிப் பார்க்காமலே எத்தனையோ பெட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டோம். அந்த ஆதங்கத்தில்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டேன். முதலில் கண்ணில் படுவது தூசி. இது சாதாரணத் தூசி இல்லை, கல் தூள். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் பயின்றவர்களும், தலைமுறையாக உளி பிடிப்பவர்களும் அந்த ஊர் முழுக்கப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அங்கே செதுக்கும் கல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மெஷின் வைத்துக் கல் அறுக்கும்போது எழும் தூள் காற்றில் மிதந்து, கணினியின் விசிறி இழுக்கும் இழுப்புக்கு நேராக உள்ளே போகும். கடலைவிட்டுத் தள்ளிய ஊர்களில் அது வெறும் தூளாகவே நிற்கும், பிளோயர் அடித்தால் பறந்துவிடும். கடல் ஓரத்தில் அப்படி இல்லை. காற்றில் இருக்கும் உப்பும் ஈரமும் சேர்ந்து அது சுண்ணாம்புச் சாந்து மாதிரி இறுகிவிடும்.

இதோ, ப்ராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்க். அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் போல அடுக்கியிருக்கின்றன. அந்தப் பல் இடுக்கு எல்லாம் அடைத்துப்போய், ஒரே கட்டியாக நின்றிருந்தது. விசிறி சுற்றும், ஆனால் காற்று நுழையாது. இந்த ப்ராசசருக்குள் 5 கோடியே 50 லட்சம் டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன; 1971இல் வந்த முதல் இன்டெல் சில்லு 4004இல் இருந்தவை 2,300. இத்தனையும் சேர்ந்து கக்கும் சூடு வெளியேறாவிட்டால் பென்டியம் 4 தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும்: வேலையை விட்டு விட்டுச் செய்யும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உரிமையாளருக்குத் தெரிவது "ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்பது மட்டும்தான். இந்தப் பெட்டிக்கும் அதுதான் நடந்தது. முன்னால் பார்த்த ஒருவர் வைரஸ் என்று சொல்லி இரண்டு முறை ஃபார்மட் அடித்திருக்கிறார். கட்டியை மூங்கில் குச்சியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் நோண்டி எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். பழைய வேகம் திரும்பியது. ஒரு பைசாவுக்குப் பாகம் மாற்றவில்லை.

அன்று என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் பட்டறைக்காரர். வயதில் மூத்தவர். பெட்டியை ஆன் செய்தேன், "பீப்" என்று ஒரு சின்னச் சத்தம். "இப்ப சரியா தம்பி?" என்றார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க ஐயா?" என்றேன். "முன்ன நீளமா கூவிச்சு, இப்ப ஒரு சொட்டு மாதிரி விழுது. கல்லையும் நாங்க தட்டிச் சத்தம் கேட்டுத்தானே எடுக்கிறோம்" என்றார். மணிபோல ஒலிக்கும் கல் ஆண் கல், அதைக்கொண்டு மூலவரைச் செய்யலாம் என்று சிற்ப மரபில் ஒரு கணக்கு உண்டு. கணினிக்கும் அதே பரீட்சைதான். ஒரு குட்டி பீப் வந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது. நீளமாக, விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் ராமைப் பாருங்கள். திரையில் ஒன்றும் தெரியாத நேரத்தில் பெட்டி பேசக்கூடிய ஒரே பாஷை அதுதான். அதனால்தான் ஒரு ரூபாய்க் காசளவு இருக்கும் இந்த ஸ்பீக்கரைப் பிடுங்கிப் போடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

இப்போது ராமுக்கு வருவோம். என் தொழிலில் பாதி இதுதான்.

இது டிடிஆர் ராம். அடி விளிம்பில் மஞ்சள் நிறத்தில் வரிசையாக இருப்பவை தொடு முனைகள். ஒரு பக்கத்துக்கு 92, இரண்டு பக்கமும் சேர்த்து 184. நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வெட்டு இருக்கிறது. அதனால் திருப்பிப் போட முடியாது. முனைகளில் பூசியிருப்பது நிஜத் தங்கம், ஆனால் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. உங்கள் தலைமுடியின் கனம் அதைவிடப் பல பத்து மடங்கு. இவ்வளவு மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. 184 முனைகளில் மின்சாரம் போகிற ஒன்று ஸ்லாட்டோடு சேராமல் விட்டாலும் மொத்தக் கணினியும் கண் திறக்காமல் போகலாம்.

கடலில் அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. அப்போது தெறிக்கும் நுண் துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு போகிறது. துளி காய்ந்தால் உப்புத் துகள். அந்தத் துகள் சும்மா கிடக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்று உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூடப் போதும். நம் வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோமே, அதே சங்கதிதான் ராம் ஸ்லாட்டுக்குள்ளும் நடக்கிறது. கரைந்த உப்பு தங்கத்தின் துளை வழியாக இறங்கிச் செம்பை அரிக்கும். அரித்த களிம்பு மேலே ஏறி முனையைப் போர்த்தும். மதர்போர்டில் அடுத்தடுத்து ஓடும் இரண்டு கம்பிக் கோடுகளுக்கு நடுவே அந்த ஈரம் நின்றால், மின் அழுத்தத்தில் உலோகம் ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குக் கொடி மாதிரி படர்ந்து போகும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேப்ப இலை நரம்பு போலவே இருக்கும். அந்தக் கொடி எதிர்க்கரையைத் தொட்ட நொடி ஷார்ட்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால் திருக்கழுக்குன்றம் தாண்டினால் நோயின் முகமே மாறிவிடும். இங்கே கொளவாய் ஏரிப் பக்கத்து வீடுகளில் பெட்டியைத் திறந்தால் எறும்புப் புற்று, பல்லி முட்டை, சிலந்தி வலை. பெட்டிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கருகிய பல்லி எத்தனை எடுத்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. சதுரங்கப்பட்டினம், கோவளம் பக்கம் போனால் பல்லி குறைவு, பச்சைக் களிம்பு அதிகம்.

கடலோரத்துப் பள்ளி ஒன்றில் ஒவ்வொரு ஜூனிலும் எனக்கு வேலை காத்திருக்கும். கோடை விடுமுறைக்குப் பூட்டிய ஆய்வகத்தைத் திறப்பார்கள். ஏப்ரலில் ஓடிய கணினிகளில் பாதி, ஜூனில் டிஸ்ப்ளே வராது. "யாருமே தொடல சார், எப்படிக் கெட்டுப்போச்சு?" என்று அங்குள்ள டீச்சர் ஒருவர் வருத்தத்தோடு கேட்பார். தொடாததுதான் காரணம். தினமும் ஓடும் பெட்டி தன் சூட்டிலேயே உள் ஈரத்தை உலர்த்திக்கொள்ளும். இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த பெட்டி ஒவ்வொரு விடியற்காலையும் குளிர்ந்து, ஈரத்தைக் குடித்து, உப்பைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ராமைக் கழற்றி, பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரால் முனைகளை மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் கூட்டி, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் எழுந்துவிடும். மறு வருடம் அந்தப் பள்ளி மாணவர்களையே செய்யச் சொன்னேன். அதற்கடுத்த ஜூனில் அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. இத்தனை வருடத் தொழிலில் இதைப்போல வேறெதற்கும் நான் சந்தோஷப்பட்டதில்லை.

ரப்பரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பேனா மை அழிக்கும் நீல முனை ரப்பரைத் தொடவே கூடாது, அதில் மணல் இருக்கிறது. வெள்ளை ரப்பர்கூட அடிக்கடி வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் தங்கம் கொஞ்சம் போகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பது மேல். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும், மருந்துக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள்.

உப்பைத் துடைத்தால் போகாது, தண்ணீரால்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது மாமல்லபுரம் கடற்கரைக் கோயில். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் அது. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆயிரத்து முந்நூறு வருடமாக உப்புக் காற்று அதன் சிற்பங்களின் முகத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. தொல்லியல் துறை கடல் பக்கம் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்தது; சவுக்கு நட்டுக் காற்றைத் தடுத்தது. அதற்கு மேலும், ஈரமான காகிதக் கூழைச் சுவரில் கனமாக அப்புகிறார்கள். கூழின் தண்ணீர் கல்லுக்குள் ஊறி உப்பைக் கரைக்கும். காயும்போது உப்பு கூழுக்கு வந்துவிடும். கூழை உரித்து எறிவார்கள். திரும்பத் திரும்ப இதையே செய்வார்கள். கூழ் அப்பிய சுவரை முதன்முதலில் பார்த்தபோது அங்கேயே வெகு நேரம் நின்றேன். இன்று உப்பு நீர் தெறித்த மதர்போர்டு வந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் தயங்காமல் கழுவுகிறேன். பார்ப்பவர்கள் பதறுவார்கள். மின்சாரம் இல்லாத போர்டுக்குச் சுத்தமான தண்ணீர் பகை இல்லை. மீதி ஈரத்தை ஆல்கஹாலால் விரட்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தினால் போதும்.

இந்த வைத்தியத்தை முதலில் செய்து பார்க்க நேர்ந்த நாட்களை நினைத்தால் இன்னும் மனசு கனக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் பின்வாங்கி, பாறைகள் தெரிந்து, பிறகு சுனாமியாகத் திரும்பி வந்த காலை. வீடுகளில் உயிர் போயிருக்கும்போது கணினியைப் பற்றிப் பேசவே நாக்கு வராது. ஒரு வாரம் கழித்து, கரையோர ஊர் ஒன்றில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தவர் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். "அண்ணே, மெஷின் போனா போகட்டும். இதுக்குள்ள எங்க குப்பத்துக் கல்யாணப் படமெல்லாம் இருக்கு. அதுல இருக்கிற சில பேர் இப்ப இல்ல" என்றார்.

நல்லவேளையாக அவர் அதை ஆன் செய்து பார்க்கவில்லை. நனைந்த பெட்டிக்கு மின்சாரம் கொடுக்காமல் இருப்பதே பாதி வைத்தியம். தண்ணீர் பெட்டியின் அடிவரைதான் ஏறியிருந்தது. ஹார்டு டிஸ்க் நடு உயரத்தில் இருந்ததால் அடியில் இருக்கும் பச்சைப் போர்டில் தெறித்த துளிகளோடு தப்பியிருந்தது. ஹார்டு டிஸ்க் முழுக்க மூடிய பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். மேல் தகட்டில் ஊசி முனையளவு ஒரு துளை இருக்கும், மூடாதே என்று பக்கத்தில் எழுதியும் இருக்கும். அது அதன் மூக்கு. உள்ளே வட்டுகள் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகின்றன. விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். படிக்கும் தலை அதற்கு மேல், முடியின் கனத்தில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், காற்று மெத்தையில் மிதக்கிறது. அந்தக் காற்று வெளியிலிருந்து ஒரு வடிகட்டி வழியாக வருகிறது. துளைவரை கடல் நீர் ஏறியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நட்சத்திர முனை ஸ்க்ரூக்களைக் கழற்றிப் போர்டைப் பிரித்தேன். அதன் உட்பக்கத்தில், தலைக்குப் போகும் சிக்னல் தொடும் இடத்தில், எள் அளவுப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். எல்லாம் கறுத்திருந்தன. கழுவி, காயவைத்து, புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து, மூன்றாம் நாள் வேறு பெட்டியில் மாட்டினேன். சுற்றும் சத்தம் கேட்டது. படங்களை சிடியில் ஏற்றினோம். ஒரு சிடிக்கு 700 எம்பி, மொத்தம் பதினொரு சிடி. கடைசி சிடி முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று யாராவது சொன்னால், அந்தப் போர்டைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று இன்றும் முதலில் கேட்பேன்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். இதை மட்டும் பிள்ளைகள் திறக்கக் கூடாது. 230 வோல்ட் மாறு மின்சாரம் இதற்குள் போனதும் சுமார் 325 வோல்ட் நேர் மின்சாரமாகிப் பெரிய கெபாசிட்டர்களில் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் தேங்கியே இருக்கும். வெளியே வரும் ஒயர்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு எர்த். பச்சையைக் கறுப்போடு ஒரு சின்னக் கம்பியால் இணைத்தால், மதர்போர்டு இல்லாமலே விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் ஓரளவுக்கு உயிர் இருக்கிறது. பின்புறம் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன சுவிட்ச், 115, 230 என்று இருக்கும். அதை 115க்குத் தள்ளி ஆன் செய்தால் பட்டாசு வெடிக்கும். தூசி துடைக்கும்போது கைபட்டு மாறி, வெடித்த பெட்டிகள் நிறைய வந்திருக்கின்றன. அந்த சுவிட்சை நான் டேப் போட்டு ஒட்டிவிடுவேன்.

எங்கள் தொழிலில் அடிக்கடி புழங்கும் சொல் "உப்பிடுச்சு." "கெபாசிட்டர் உப்பிடுச்சு சார்" என்போம். கடல் உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ப்ராசசரைச் சுற்றி நிற்கும் இந்தக் குட்டி உருளைகளைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். இந்த மூன்று மட்டும் பூரி மாதிரி எழும்பியிருக்கின்றன. ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிந்தும் இருக்கிறது. 1999க்குப் பிறகு சில ஆண்டுகள் உலகம் முழுக்க இந்த நோய் வந்தது. உள்ளே ஊற்றும் திரவத்தில் அரிப்பைத் தடுக்கும் பொருள் சரியாகச் சேர்க்கப்படாததால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி உருளையை ஊதவைத்தது. அமெரிக்காவின் பெரிய கணினி நிறுவனம் ஒன்று 2005இல் இப்படிப்பட்ட போர்டுகளை மாற்றித் தர மட்டும் 30 கோடி டாலர் ஒதுக்கியது. நம் ஊரிலோ நிறைய பேர் மதர்போர்டு போச்சு என்று மொத்தத்தையும் தூக்கிப்போட்டார்கள். அதே அளவுள்ள மூன்று கெபாசிட்டர்கள் சில ரூபாய்தான். கூட்டல், கழித்தல் முனையைப் பார்த்துப் பற்றவைத்தால் முடிந்தது. வோல்ட் மதிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழித்தல் பக்கம் உருளையில் பட்டையாகக் கோடு போட்டிருக்கும்.

ஃப்ளாப்பி டிரைவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1.44 எம்பி, இன்று ஒரு போட்டோகூட அதில் ஏறாது. கடலோரத்தில் அதன் தலை எல்லாவற்றுக்கும் முன்னால் துருப்பிடிக்கும்.

கீபோர்டைப் பற்றி ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கே நீதிமன்றத்தையும் பத்திரப் பதிவு அலுவலகத்தையும் சுற்றி மனு அடித்துத் தரும் கடைகளில், இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பெட்டிகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் அதைக் கைகழுவியது 2014 ஏப்ரலில். ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்? தமிழ் காரணம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010இல் அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் அடித்த ஆயிரக்கணக்கான பத்திரங்களும் மனுக்களும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் "அனுப்புநர்" என்பது கூடப் புரியாத கிறுக்கலாகத் தெரியும். டைப்ரைட்டர் முறையில் பழகிய விரல்கள், டக் டக் என்று சத்தம் போடும் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு, கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்கும் ஊசி பிரிண்டர் எல்லாமே ஒரு குடும்பம். ஒன்றை மாற்றினால் மற்றது முரண்டு பிடிக்கும். மனுக் கடை அக்கா ஒருவர் சொன்னார்: "புதுசு வாங்கித் தரேன்னு பையன் சொல்றான் தம்பி. வாங்கட்டும். ஆனா இதை நான் தூக்கிப் போட மாட்டேன். பத்து வருஷத்து ஜனங்க பிரச்சினை இதுல இருக்கு." கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றில் மாற்றி வைத்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. மாற்றி முடிக்கும்வரை பழைய பெட்டியைக் காப்பாற்றுவதும் நம் வேலைதான்.

அந்த அக்கா கடையில் கணினியின் தேதி மட்டும் தினமும் 2002 ஜனவரி 1 என்று காட்டும். காலையில் கடை திறந்ததும் விளக்கேற்றி, அடுத்து தேதியைக் கையால் மாற்றுவார். மறந்த நாளில் மனுவில் தேதி தவறிவிடும். மதர்போர்டில் இருக்கும் இந்த வட்டப் பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்துபோயிருந்தது. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். அந்தப் பெயரிலேயே அளவு இருக்கிறது. நகத்தால் கொக்கியைத் தள்ளினால் எழும்பி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்தினேன். அரை நிமிட வேலை. இதற்காக அவர் மூன்று வருடம் தினமும் தேதி மாற்றியிருக்கிறார். முன்பு ஒருவர் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, அந்த விலை கேட்டு அவர் விட்டுவிட்டாராம். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பொருளைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பவரிடம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

இவ்வளவு எளிதாக இதைக் கழற்றி மாட்ட முடிவது தற்செயல் இல்லை. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பிசியை அறிமுகம் செய்தபோது, கடைகளில் கிடைக்கும் பாகங்களைக்கொண்டே அதைச் செய்திருந்தது. அதன் மின்சுற்று வரைபடங்களையும் புத்தகமாக விற்றது. அதனால்தான் ஊர் ஊராக எவரும் பாகம் வாங்கி அசெம்பிள் செய்ய முடிந்தது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்று ஓர் அளவை வகுத்தது. ஸ்க்ரூ துளை எங்கே, போர்டு எவ்வளவு, பின்பக்கச் சந்து எவ்வளவு என்று எல்லாமே தீர்மானமானது. இந்த 2003 கேபினெட்டில் இன்று வாங்கும் ஏடிஎக்ஸ் போர்டையும் மாட்டலாம். கீபோர்டு ஊதா, மவுஸ் பச்சை என்று நிறம் கொடுத்ததும் படிக்காதவரும் மாட்டட்டும் என்றுதான். இப்போதைய மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராமைப் போர்டோடே பற்றவைத்துவிடுகிறார்கள். உப்பு அரித்தால் ரப்பர் வைத்துத் தேய்க்க முனையே இல்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் உரிமையை எழுத்தில் கொடுத்துவிட்டு ஸ்க்ரூவை எடுத்துவிட்டால் என்ன பயன் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

மாமல்லபுரம் போகும் பழைய சாலைதான் இன்று ஐடி நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் ஓஎம்ஆர். சிறுசேரியிலும் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் மென்பொருள் எழுதுகிறார்கள். அதே மாவட்டத்தில் பழைய போர்டுகளை எடைக்கு வாங்கி, ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதையும், அமிலத்தில் போட்டுத் தங்கம் எடுக்கப் பார்ப்பதையும் கண்டிருக்கிறேன். அந்தப் புகையை மூச்சில் இழுப்பது கூலிக்கு வந்தவர். பழைய மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பற்றவைத்த ஈயமும் போர்டில் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் ஓடும் ராம், ஓடும் எஸ்எம்பிஎஸ், நல்ல ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். என் கடையில் ஒரு பால் டின் நிறைய ஸ்க்ரூ இருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த பிறகு உப்புச் சாரல் அடித்து வந்த பெட்டிகளில் பலவற்றை அந்த டின்னையும் பழைய பாகங்களையும் வைத்துத்தான் எழுப்பினேன்.

நேரம் ஆகிவிட்டது, நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இனி பேச்சு வேண்டாம், கை வேலை பார்க்கலாம். இந்தப் பெட்டியின் ராமை நான் வேண்டுமென்றே சுத்தம் செய்யாமல் கொண்டுவந்திருக்கிறேன். முனைகள் கறுத்துத்தான் இருக்கின்றன. ரப்பரும் பிரஷ்ஷும் இதோ. முன் வரிசைப் பிள்ளைகள் முதலில் வாருங்கள். பிளக் சுவரிலிருந்து எடுத்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், என் பேச்சை நம்ப வேண்டாம். பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கிவிடும். மஞ்சள் முனைகளை விரலால் தொடாமல் ஓரத்தைப் பிடியுங்கள். கை வியர்த்திருந்தால் துடைத்துவிட்டு வாருங்கள் கண்ணுகளா, வியர்வையிலும் உப்பு இருக்கிறது.